கல் குடித்த மழை

வானத்தைப் பிழிகிற வேலைக்கு அரசாங்கம் ஒரு கௌரவமான பெயர் வைத்திருந்தது. மேக ஒழுங்காளர். கொளஞ்சிநாதனின் அறைக் கதவில் அந்தப் பெயர் பித்தளைப் பலகையில் தொங்கியது. பலகை பச்சை பூத்து, பாதி எழுத்துகள் கரைந்து போயிருந்தன. நகரத்தில் அமில மழை பெய்துகொண்டிருந்த காலத்தில் மாட்டியது. அதை மாற்ற அவன் விடவில்லை. அவன் வேலை பார்த்த மேகக் கட்டுப்பாட்டு மையத்தைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களிடம் முதலில் அந்தப் பலகையைக் காட்டுவான். பிறகு ஜன்னலைத் திறந்து, பெய்கிற மழையில் கையை நீட்டி, உள்ளங்கையில் தேங்கிய தண்ணீரைக் குடித்துக் காட்டுவான். மந்திரிகள் கைதட்டுவார்கள். பித்தளையைத் தின்ற அந்தப் பழைய மழை இப்போது எங்கே போயிற்று என்று ஒருவரும் கேட்டதில்லை. வாசலில் வைத்த குப்பையை வண்டி எடுத்துப் போனபின் அது எங்கே போகிறது என்று யார் கேட்கிறார்கள்?

கேட்டவள் ஜமீலா ஒருத்திதான். அவள் வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. கேள்வி கேட்கிற பழக்கம் இன்னும் விடவில்லை.

"சார், ஃபாக்டரிப் புகையை நிறுத்திட்டா மேகம் ஏன் சார் கெடப்போகுது?"

"கெடாது."

"அப்ப நிறுத்திடலாமே?"

"நிறுத்தினா கரண்டு இருக்காது, உரம் இருக்காது, பாதி ஜனத்துக்கு வேலை இருக்காது. மேகத்தைத் திருப்பினா ஒரு ஊர் மட்டும்தான் இருக்காது."

அவன் அதைச் சிரிக்காமல் சொன்னான். பலமுறை சொல்லிப் பழகிய வாசகம். எதிரிலிருந்த பெரிய திரையில் மேகங்கள் இரண்டு நிறத்தில் நகர்ந்துகொண்டிருந்தன. அவன் விரலால் தொட்டுக் காட்டினான்.

"வெள்ளையா இருக்கறது கடல்லேருந்து நேரா வர்ற மேகம். அதை நம்ம ஏரிங்க மேல பிழியறோம். மஞ்சளா இருக்கறது புகைபோக்கிப் பக்கம் போயிட்டு வர்றது. அதை நகரத்தைத் தாண்ட விட்டு, இதோ இங்க கொண்டுபோய்ப் பிழியறோம். குட்டி விமானம் மேல போய் உப்புத்தூளைத் தூவிட்டு வந்துடும். கறந்த மாடு மாதிரி மேகம் காலி."

"இது எந்த ஊரு சார்?"

"கல்லாமேடு. அரியலூர்ப் பக்கம். தரை முழுக்கச் சுண்ணாம்புக் கல். அமிலத்தை எவ்வளவு ஊத்தினாலும் குடிச்சு முறிச்சிடும்."

"இதை யாரு சார் கண்டுபிடிச்சது?"

"யாரோ ஒரு புத்திசாலி" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டான்.

அந்தப் புத்திசாலி அவனேதான். கல்லாமேடு அவன் பிறந்த ஊர். பள்ளிக்கூடத்துப் பையன்கள் எலுமிச்சம்பழத்தைத் திருடிக்கொண்டு போய் ஓடைப் பாறையில் பிழிவார்கள். பாறை நுரை கக்கிப் பொங்கும். "கல்லு எச்சி துப்புதுடா" என்று கூத்தாடுவார்கள். அப்படிப் பிழிந்த கை பிற்காலத்தில் படித்து, நகரத்துக்கு வந்து, பெரிய பெரிய அதிகாரிகள் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்த ஒரு கூட்டத்தின் கடைசி வரிசையிலிருந்து உயர்ந்தது. கெட்ட மழையை எந்த மண்ணில் இறக்குவது என்று எல்லோரும் விழித்துக்கொண்டிருந்த நேரம். "எங்க ஊர்ப் பக்கம் முழுக்கச் சுண்ணாம்புக் கல்லுதான் சார், மண்ணே குடிச்சிடும்" என்றான். அறை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அந்தப் பார்வையின் சுகத்தில் மற்றதெல்லாம் மறந்து போயிற்று. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்கள். இவன் அள்ளி ஊற்றியது சொந்த வீட்டு நெய். ஆனால் அப்போது அவன் அந்த வீட்டில் இல்லை.

மண் குடிக்கத்தான் செய்தது. மழை விட்டதும் கல்லாமேட்டுத் தரை சீறும். புதிதாக வந்தவர்கள் பாம்பென்று பயந்து ஓடுவார்கள். ஆனால் மழை மண்ணுக்கு வருவதற்கு முன் முந்திரிப் பூவின் மேல் விழுந்தது, தகரக் கூரையின் மேல் விழுந்தது, ஆட்டின் முதுகிலும் மனிதக் கண்ணிலும் விழுந்தது. பூவும் தகரமும் கண்ணும் சுண்ணாம்பால் செய்ததில்லை. அதை அந்தக் கூட்டத்தில் யாரும் கேட்கவில்லை, இவனும் சொல்லவில்லை.

ஐப்பசி பிறப்பதற்குக் கொஞ்சம் முன்னால் இயக்குநர் அருள்மேரி அவனைக் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார். அவர் நல்ல மனுஷி. ஊழியர் வீட்டுக் கல்யாணம், காதுகுத்து எதையும் விடமாட்டார்.

"நாதன், கல் அமிலத்தைக் குடிக்கும்னு நீங்க சொன்னது சரிதான். ஆனா குடிக்கிற கல்லு கரைஞ்சுதானே போகும்? நாம யாருமே அதை யோசிக்கலை."

"எவ்வளவு கரைஞ்சிருக்கு மேடம்?"

"ஊருக்குக் கீழ பாதி பொந்து. இந்த அடைமழையைத் தாங்குமான்னு தெரியலைன்னு சொல்றாங்க."

"ஊர்ல சொல்லிடலாமே மேடம்."

"என்னன்னு சொல்லுவீங்க? எப்படிப் பொந்தாச்சுன்னு அடுத்த கேள்வி வருமே. அதுக்குப் பதில் நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?" அருள்மேரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "அதனாலதான் மாற்று வீடு கட்டி, வசதியான இடம் வாங்கன்னு கூப்பிடறோம். லாரி கூட அனுப்பறோம். பேசாம ஏறிட்டா எல்லாருக்கும் நல்லது. உங்க அக்கா அங்கதானே இருக்காங்க? மொதல்ல அவங்களை ஏத்துங்க."

அன்றைக்கே அக்கா போன் செய்தாள். அஞ்சலை தானாகப் போன் செய்கிறவள் அல்ல. தம்பி நகரத்தில் ஏதோ அரசாங்க வேலை பார்க்கிறான் என்பதற்கு மேல் அவளுக்கும் ஊருக்கும் ஒன்றும் தெரியாது. புருஷன் போய், பிள்ளையும் இல்லாமல், கல்லாமேட்டில் ஒரு முந்திரிக்கொட்டை உடைக்கிற கொட்டகையை ஒற்றையாளாக நடத்திக்கொண்டிருந்தாள்.

"கொளஞ்சி, வெள்ளிக்கெழம ஊருக்கு வா. கொடும்பாவி கட்டறோம்."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. "அது மழ வராதப்ப கட்டி இழுக்கறதுக்கா. இப்ப மழைக்கு என்ன கொறச்சல்?"

"மழ வரலன்னாலும் எவனோ ஒரு பாவியாலதான். இப்பிடிப் புளிச்ச மழ பேஞ்சாலும் எவனோ ஒரு பாவியாலதான். அவனப் பொணமாக்கி இழுத்துக் கொளுத்துனா சரியாப் பூடும்னு மருத மாமா சொல்லுது."

"நீ இதெல்லாம் நம்புறியா?"

"நம்பறனோ இல்லியோ. ஊர்ல பாதிப் பேரு மூட்ட கட்டிட்டாங்க, கெவர்மெண்டு குடுக்கற வீட்டுக்குப் போறேன்னு. நான்தான் மறிச்சு நிறுத்தி வச்சிருக்கேன். கொடும்பாவி கொளுத்தி, அதுக்குக் கருமாதி வர்றதுக்குள்ள ஒரு நல்ல மழ பேஞ்சா இருக்கறது. இல்லன்னா எல்லாரும் லாரி ஏறிட்றது. கோயில்ல வச்சுப் பேசி முடிச்சாச்சு."

"ஏன்க்கா மறிக்கிற? போயிடறதுதானே நல்லது?"

"மூணாம் மாடிடா. ஒத்த ரூமு. கொட்டைய எங்க போட்டு வறுக்கறது, உன் தலையிலயா? எங்கொட்டாயில எட்டுப் பொம்பளைங்க ஒடைச்சுப் பொழைக்கறாங்க. அங்க போயி நாங்க எவன் தயவுல திங்கறது? உன் தயவுலயா?"

அவன் மனைவியும் அக்காவும் ஒரே சமையலறையில் ஒரு தீபாவளிகூடத் தாண்டியதில்லை என்பது இருவருக்கும் தெரியும்.

"நீ வந்தே ஆவணும்" என்றாள். "கொள்ளி வைக்க ஆளு வேணும்."

அந்த ஊரில் கொடும்பாவிக்குக் கொள்ளி வைக்க உள்ளூர்க்காரன் வரமாட்டான். கொள்ளி வைக்கிறவன்தான் அந்தப் பாவிக்குப் பிள்ளை. பாவம் அவன் தலையில் ஏறிவிடும். அதனால் ஊரில் பிறந்து வெளியூரில் குடியிருக்கிற ஒருவனைக் கூப்பிடுவார்கள். அவன் தீயை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் எல்லை தாண்டிப் போய்விட வேண்டும். பாவமும் அவனோடு போய்விடும். ஊருக்கு வேண்டாததை வேறு எங்காவது கொண்டுபோய்க் கொட்டுகிற வித்தை மையத்துக்கு மட்டும் சொந்தமா என்ன?

வருகிறேன் என்றான். கணக்கு அவனுக்குச் சாதகமாக இருந்தது. அவன் எதுவுமே செய்ய வேண்டாம். மஞ்சள் மேகங்கள் வழக்கம்போல் வரும், வழக்கம்போல் கல்லாமேட்டின் மேல் பிழியப்படும், கருமாதிக்குள் நல்ல மழை பெய்யாது, ஊர் லாரி ஏறிவிடும். அக்காவிடம் எந்த உண்மையையும் சொல்லாமலே அவளைக் காப்பாற்றிவிடலாம். கோழைக்கு இதைவிட நல்ல வரம் கிடைக்காது.

வெள்ளிக்கிழமை அவன் பஸ்ஸை விட்டு இறங்கியபோது வெயில் அடித்துக்கொண்டிருந்தது. முந்திரிக் காடு இலை ஓரம் கருகி நின்றது. கொட்டகையின் தகரம் சல்லடையாகி, அதன் மேல் பிளாஸ்டிக் தார்ப்பாய், அதன் மேல் இன்னொரு தார்ப்பாய். உள்ளே பெண்கள் கட்டையில் கொட்டையை வைத்துத் தட்டிக்கொண்டிருந்தார்கள். அஞ்சலை கையில் விளக்கெண்ணெயைத் தடவி, சாம்பலைத் தொட்டுக்கொண்டு எழுந்து வந்தாள். கொட்டையின் பால் பட்டுப் பட்டு அவள் விரல்கள் கருத்து, தோல் உரிந்து, ரேகையே இல்லாமல் இருந்தன.

"என்னா பாக்கற? இது சின்ன வயசுலேருந்து வெந்த கை. மழ இத என்னா பண்ணிப்புடும்?" என்று சிரித்தாள். கண் இரண்டும் சிவந்து நீர் வழிந்துகொண்டிருந்தது. முந்தானையால் ஒற்றிக்கொண்டாள். "கண்ணுக்குத்தான் எந்த எண்ணெயத் தடவறதுன்னு தெரியல."

அவன் வேறு பக்கம் பார்த்தான். சுவர் ஓரத்தில் கட்டைவிரல் நுழைகிற அளவுக்கு ஒரு விரிசல் வாசல்வரை ஓடியிருந்தது. அதில் அவள் சாணியும் களிமண்ணும் குழைத்து அடைத்திருந்தாள்.

கோயில் வாசலில் மருதை வைக்கோல் பிரி முறுக்கிக்கொண்டிருந்தார். ஊரில் யாருக்குப் பாடை கட்டினாலும் அவர் கைதான். கொடும்பாவி ஆளுயரத்துக்கு மேல் மல்லாந்து கிடந்தது. பெரிய வயிறு. தலைக்கு ஒரு மண்பானை. பானையில் முழியும் மீசையும் கரியால் எழுதியிருந்தார்.

"வா மாப்ள. மூஞ்சி எப்பிடி வந்துருக்கு?"

"யாரு மாதிரி மாமா எழுதுனீங்க?"

"எவன்னு தெரியலயே. தெரிஞ்சா அவன மாதிரியே எழுதியிருப்பனே."

உச்சி சாய்ந்ததும் பறை அடித்தார்கள். காலில் கயிறு கட்டி, கொடும்பாவியைத் தெருத்தெருவாக இழுத்தார்கள். பெண்கள் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு, துடைப்பத்தால் அடித்துக்கொண்டே கூட நடந்தார்கள். ஈரத்துணி உடுத்தி, கொள்ளிச்சட்டியைத் தூக்கிக்கொண்டு கொளஞ்சி முன்னால் போனான். முதலில் அவனுக்கு இது நாடகமாகத்தான் இருந்தது. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒருத்தி வந்து தன் கணக்கைத் தீர்த்தாள். ஒருத்தி செத்த ஆட்டுக்குட்டியைச் சொன்னாள். ஒருத்தி தன் பிள்ளையின் தலைமுடி கொத்துக்கொத்தாகக் கொட்டியதைச் சொன்னாள். எல்லாமே அவன் அலுவலகத்துத் திரையில் வெறும் மஞ்சள் நிறம்.

அஞ்சலையின் முறை வந்தது. அவள் ஒப்பாரியில் பேர்போனவள். மாரில் அடித்துக்கொண்டு, பானை முகத்துக்கு நேராகக் குனிந்து, குரலை உயர்த்தினாள்.

"எங்கொல்லப் பூவக் கருக்குனியே, உங்கொலம் கருகிப் போவ! எங்கண்ணக் குருடாக்குனியே, உங்கண்ணு அவிஞ்சு போவ! நீ பொறந்த வீடு இடிஞ்சு போவ! உங்கூடப் பொறந்தவள இந்த மண்ணு முழுங்கிப் போவ!"

கொளஞ்சிக்கு ‘அக்கா, நிறுத்து, யாரைச் சொல்கிறாய் என்று தெரியாமல் சொல்கிறாய்’ என்று கத்த வேண்டும் போலிருந்தது. சட்டியை இன்னும் உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றான். அவள் திரும்பத் திரும்ப அதையே பாடினாள். மற்ற பெண்கள் பின்பாட்டுப் பாடினார்கள். உன் கூடப் பிறந்தவளை மண் விழுங்க, மண் விழுங்க என்று தெருவே பாடியது.

சுடுகாட்டில் வைக்கோல் மளமளவென்று பற்றிக்கொண்டது. பானை வெடித்தது. "திரும்பிப் பாக்காமப் போ மாப்ள" என்று மருதை முதுகில் தட்டினார். போகும்போது அஞ்சலை பின்னாலிருந்து சொன்னது காதில் விழுந்தது. "ஒரே ஒரு நல்ல மழ போதும்டா தம்பி. அது பேஞ்சாப் போதும், நான் பொழச்சுக்குவேன்."

பஸ்ஸில் உட்கார்ந்தபின் அவன் படித்ததெல்லாம் அவனுக்கு நினைவு வந்தது. சாபம் என்று ஒன்று இல்லை. வார்த்தைக்கு எடை இல்லை. அவன் அதையெல்லாம் முழுசாக நம்பினான். நம்பிக்கொண்டே போனை எடுத்து ஜமீலாவைக் கூப்பிட்டான். ஒரு நல்ல மழை பெய்துவிட்டால் அந்தப் பாட்டு நீர்த்துப் போய்விடும் என்று அவன் வயிறு சொன்னது. வயிறு சொன்னதைத்தான் கேட்டான்.

"ஜமீலா, நாளைக்கு ஏரிக்குப் போற வெள்ளை மேகம் ஒண்ணைக் கல்லாமேட்டுக்குத் திருப்பு."

"அங்க போகவேண்டிய மஞ்சளை என்ன சார் பண்றது?"

"கடல்ல விடு."

"காத்து எதிர்ல அடிக்குது சார், போகாது."

"அப்ப நகரத்துக்கு வடக்கால பிழிஞ்சிடு."

"வடக்கால பூரா வீடுங்க சார். நாளைக்கு ஸ்கூல் இருக்கு."

"ஒரு நாள்தானே?"

"சரி சார்" என்றாள் ஜமீலா. கேள்வி கேட்கிற பழக்கம் அவளை விட்டுப் போக ஆரம்பித்திருந்தது.

மறுநாள் அக்காவின் குரல் போனைத் தாண்டி அறை முழுக்கக் கேட்டது. "பேஞ்சுதுடா! எளநி மாதிரி பேஞ்சுது! தரை சீறல, கண்ணு எரியல. நனைஞ்சு நனைஞ்சு ஆடுனோம். மருத மாமா கெழவன் வேட்டி அவுந்தது தெரியாம ஆடுது. உனக்கு என்னா கைராசிடா!"

அவன் கண் நிறைந்தது. ஒரு நிமிஷம், ஒரே நிமிஷம், அவன் சந்தோஷமாக இருந்தான். பிறகுதான் அது உறைத்தது.

"லாரி வந்துச்சாக்கா?"

"வந்துச்சு. திருப்பி அனுப்பிட்டோம். மூட்டயெல்லாம் பிரிச்சாச்சு. இனிமே எவனும் ஊர வுட்டுப் போற பேச்சே எடுக்கமாட்டான்."

"அக்கா, நான் சொல்றதக் கேளு. அது ஒரு தடவதான். மறுபடியும் புளிச்ச மழதான் வரும். நீ கெளம்பி வந்துடு."

"வாயக் கழுவு. ஏன் அப்பிடிச் சொல்ற? உனக்கு எப்பிடித் தெரியும்?"

அந்தக் கேள்விக்குப் பதில் அவன் நாக்கு நுனியில் இருந்தது. நாலு வார்த்தை போதும். சொல்லியிருந்தால் அக்கா அவன் முகத்தில் காறித் துப்பியிருப்பாள், மறு பஸ்ஸில் ஊரையும் கூட்டிக்கொண்டு கிளம்பியிருப்பாள். "சும்மா, மனசுல பட்டுச்சு" என்றான்.

அலுவலகத்தில் ஜமீலாவின் நாற்காலி காலியாக இருந்தது. அருள்மேரி அதன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"லீவு" என்றார். "தங்கச்சியைக் கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருக்கா. அவ வீடு எங்கன்னு உங்களுக்குத் தெரியுமா நாதன்? வடக்காலதான். நீங்க கேட்டதில்லை போல."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். திட்டுவார், எழுதிக்கொடுக்கச் சொல்வார் என்று எதிர்பார்த்தான். அவர் அவன் தோளில் கை வைத்தார்.

"எல்லாரும் ஒரு தடவை செய்வாங்க. நான் என் பொண்ணு கல்யாணத்துக்குச் செஞ்சேன். சர்ச்சுக்கு மேல மட்டும் வெயில்."

"அதுக்கப்புறம் மேடம்?"

"அதுக்கப்புறம் பழகிடும்."

ஐப்பசி பிறந்தது. கடலோரத்து ஆலைகள் பண்டிகைக் கெடுபிடியில் இரவு பகலாகப் புகைந்தன. மஞ்சள் மேகம் வரிசைகட்டி வந்தது. கொளஞ்சி வழக்கம்போல் பிழிந்தான். தினமும் அக்காவுக்குப் போன் செய்தான். கிளம்பு என்றான், கெஞ்சினான், கோபித்துக்கொண்டான். காரணம் மட்டும் சொல்லவில்லை. அவளிடம் எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. கொடும்பாவியின் சாம்பலைச் சரியாகக் கரைக்கவில்லையாம், அந்தக் குறைதான் இப்படிப் புளிக்கிறதாம், அடுத்த வெள்ளிக்கிழமை இன்னொன்று கட்டப் போகிறார்களாம். "ஒரு தடவ நல்ல மழ பேஞ்சுதா இல்லியா? அப்ப மறுபடியும் பேயும். உன் கை பட்டாப் பேயும். லீவு சொல்லி வையி."

ஒரு மத்தியானம் அவன் பிழிந்துவிட்டு நிமிர்ந்தான். திரையில் கல்லாமேட்டின் மேலிருந்த மஞ்சள் மங்கிக்கொண்டிருந்தது. போன் அடித்தது. மருதை பேசினார்.

"மாப்ள, கொட்டா உள்ள போயிடுச்சு."

"எங்க உள்ள?"

"மண்ணுக்குள்ள. பாத்துகிட்டே இருக்கும்போது அப்பிடியே எறங்கிடுச்சு. விரிசல் பெருசாவுதுன்னு உங்கக்கா பொம்பளைங்க எட்டுப் பேரையும் வெளிய தள்ளி விட்டுட்டா. மூட்ட நனையுதுன்னு திரும்ப உள்ள போனா. அவ்ளோதான் மாப்ள. அவ்ளோதான்."

திரையில் அந்த இடத்து மஞ்சள் சுத்தமாக மறைந்துவிட்டது. மேகம் காலி.

அவன் போய்ச் சேர்ந்தபோது கொட்டகை இருந்த இடத்தில் ஒரு குழி இருந்தது. அடியில் பால் கலந்தது போல் வெள்ளைத் தண்ணீர். கயிறு கட்டி இறங்கியவர்கள் அடி தெரியவில்லை என்று ஏறி வந்துவிட்டார்கள். பழைய கிணறு ஒன்று உள்வாங்கிவிட்டது என்று வந்த அதிகாரி சொல்லிவிட்டுப் போனார். இரண்டு நாள் தேடியும் உடம்பு கிடைக்கவில்லை.

உடம்பு கிடைக்காவிட்டால் வைக்கோலில் உடம்பு செய்துதான் எரிக்க வேண்டும். அதுதான் முறை. மருதை அதே கோயில் வாசலில் உட்கார்ந்து பிரி முறுக்கினார். இந்த முறை வயிறு பெரிதாக வைக்கவில்லை. சின்னதாக, ஒடிசலாக, அவள் உயரத்துக்கு அளந்து கட்டினார். கொளஞ்சி கொண்டுவந்த பிறந்த வீட்டுக் கோடிச் சேலையைப் போர்த்தினார்கள். கொட்டகையில் வேலை செய்த பெண்கள் எட்டுப் பேரும் வரிசையாக வந்து, வைக்கோல் கைகளுக்கு விளக்கெண்ணெய் தடவி, சாம்பல் தொட்டு வைத்தார்கள். பானையில் முகம் எழுதும்போது மருதை "இவ மூஞ்சி எனக்குத் தெரியுமே" என்று சொல்லிச் சொல்லி அழுதார்.

புருஷன் வழியில் பங்காளி யாரும் இல்லாததால் கொளஞ்சியே கொள்ளி வைத்தான். வைக்கோல் பற்றி எரிந்து அடங்குகிற நேரம், மேலே கருத்துக்கொண்டு வந்தது. பெண்கள் தலையில் முக்காடு போட்டார்கள். முதல் துளி அவன் உதட்டில் விழுந்தது. இனித்தது.

சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. அருள்மேரி செய்தி அனுப்பியிருந்தார். ‘நாதன், இன்று உங்கள் ஊருக்கு நல்ல மேகத்தைத் திருப்பியிருக்கிறேன். உங்கள் துக்கத்துக்கு என்னால் முடிந்த மரியாதை.’

மழை கொட்டியது. சாம்பல் கரைந்து ஓடியது. தரை சீறவில்லை. ஒருத்தி முக்காட்டை எடுத்தாள். இன்னொருத்தி கையில் ஏந்திக் குடித்தாள். "அஞ்சல எறங்கிட்டா!" என்று யாரோ கத்தினார்கள். "ஆத்தா எறங்கிட்டா! நமக்காக மண்ணுக்குள்ள போனவ மழையா வந்துட்டா!" பெண்கள் குலவை விட்டார்கள். எட்டுப் பேரும் சேற்றில் விழுந்து கும்பிட்டார்கள். பூமி ஒரு காவு கேட்டது, எடுத்துக்கொண்டது, இனிமேல் கேட்காது என்று பெரியவர்கள் பேசிக்கொண்டார்கள்.

கொளஞ்சிக்கு அதுவரை வராத சத்தம் அப்போது வந்தது.

"அக்கா அனுப்பலை! இது எங்க ஆபீஸ்ல அனுப்புன மழை! அந்தப் புளிச்ச மழையையும் நான்தான் அனுப்பினேன்! இந்த ஊரு கல்லுதான் அதைக் குடிக்கும்னு நான்தான் சொன்னேன்! கீழ எல்லாம் கரைஞ்சு பொந்தாக் கெடக்கு! இங்க இருக்காதீங்க! நான்தான் அந்தக் கொடும்பாவி, நான்தான்!"

சேற்றில் முட்டி போட்டுக்கொண்டு தலையில் தலையில் அடித்துக்கொண்டான். எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். ஒரு கல்லாவது வந்து விழும் என்று அவன் காத்திருந்தான். விழவேண்டும் என்றுதான் ஆசைப்பட்டான்.

மருதை வந்து அவன் கையைப் பிடித்துத் தூக்கினார். தன் துண்டால் அவன் முகத்தைத் துடைத்தார்.

"அவனத் தப்பா எடுத்துக்காதீங்கடா, சொல்லட்டும்" என்றார் கூட்டத்தைப் பார்த்து. "அன்னிக்குக் கொடும்பாவிக்குக் கொள்ளி வச்சானில்ல, அந்தப் பாவம் தலையில ஏறிப் பேசுது. நமக்காகச் சொமந்த புள்ள. கூடப் பொறந்தவள வேற குடுத்துட்டு நிக்கறான்."

ஒரு கிழவி வந்து அவன் கன்னத்தைத் தடவித் திருஷ்டி கழித்தாள். ஒருத்தி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவன் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் எல்லோரும் கேட்டிருந்தார்கள்.

மழை விட்டதும் மருதை அவனைப் பஸ் நிறுத்தம்வரை கொண்டுவந்து விட்டார். ஊர் கூடிப் பேசி முடித்துவிட்டதாகச் சொன்னார். குழியைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் எழுப்பி, அதன் பக்கத்திலேயே அஞ்சலைக்குக் கோயில் கட்டப் போகிறார்கள். குழி விழுந்த பயத்தில் மாற்று வீட்டுக்குப் போயிருந்தவர்கள்கூடத் திரும்பி வருகிறார்களாம், ஆத்தாவை விட்டுவிட்டு எங்கே போவது என்று.

பஸ் வந்தது. ஏறப் போனவனின் தோளைத் தொட்டு மருதை ஒன்று கேட்டார்.

"செலைக்கு மட்டும் நீ நகரத்துலேருந்து நல்ல கருங்கல்லாப் பாத்து அனுப்பிடு மாப்ள. நம்ம ஊரு கல்லு மழைக்கு நிக்காது."

கொளஞ்சி தலையை ஆட்டினான்.